இருபது ஈர்க்குச்சியும் ஒரு குரும்பையும்

வந்த கேள்வி இது: "தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசம் பக்கம் ஒரு கிராமத்து அரசு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். 6, 7, 8 மூன்று வகுப்பும் சேர்த்து 34 பிள்ளைகள். வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியடு கைவேலைக்கு. அதில் டிசைன் பிராசஸ் சொல்லிக்கொடுக்க ஆசைப்பட்டு, ஐந்து படிகளையும் சார்ட்டில் எழுதி மாட்டினேன். அடுத்த வாரம் கேட்டால் அத்தனை பேரும் கடகடவென்று ஒப்பித்துவிட்டார்கள். கம்ப்யூட்டர் கிடையாது, 3டி பிரிண்டர் கிடையாது. நான் எங்கிருந்து தொடங்க வேண்டும்? மூன்று வகுப்பையும் கலந்து உட்கார வைக்கலாமா?"

டீச்சர், "ஒப்பித்துவிட்டார்கள்" என்ற இடத்தில் சிரித்துவிட்டேன். உங்களைப் பார்த்தல்ல, என்னை நினைத்து. நான் பொருள் வடிவமைப்பு படித்தவன். மிக்ஸி, டார்ச், சுவிட்சு என்று வீட்டுச் சாமான்களுக்கு வரைபடம் போட்டே பதினைந்து வருஷம் ஓட்டிவிட்டுக் கும்பகோணத்துக்குத் திரும்பினேன். முதன்முதலாக ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனபோது இதே சார்ட்டைத்தான் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு போனேன். பாதியில் ஒரு பையன் எழுந்து, "சார், இதுல எத்தன மார்க் கேள்வி வரும்?" என்றான். அன்றோடு சார்ட்டுக்கும் எனக்கும் உறவு முடிந்தது.

ஆளைப் புரிந்துகொள், பிரச்சினையை வரையறு, யோசி, மாதிரி செய், சோதி என்ற அந்த ஐந்து படிகள் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வடிவமைப்புப் பள்ளியான டி.ஸ்கூல் பரப்பியவை. பிரிட்டனின் டிசைன் கவுன்சில் 2005-இல் இதையே நான்கு கட்டமாக, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வைரக்கல் மாதிரி ஒரு படமாகப் போட்டது. அகமதாபாத்தில் ரிவர்சைடு பள்ளியை நடத்தும் கிரண் பிர் சேத்தி 2009-இல் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய இயக்கத்தில் 'உணர், கற்பனை செய், செய், பகிர்' என்று வைத்தார். ஐந்தா நான்கா என்பதில் ஒன்றும் இல்லை. வேலையில் இருந்த காலத்தில் இந்தப் படிகளை நான் ஒருநாளும் வரிசையாக ஏறியதில்லை. மூன்றாம் படியில் நின்றுகொண்டிருக்கும்போது முதல் படியே தப்பு என்று தெரியும், இறங்கிப் போவோம்.

என்னைக் கேட்டால் உங்கள் பிள்ளைகளுக்குப் பழக்க வேண்டியது ஒன்றுதான்: ஒரு பொருளை இரண்டாவது தடவை செய்வது. நம் பள்ளிக்கூடத்தில் எதையும் ஒரு தடவைதான் செய்கிறோம். பரீட்சை ஒரு தடவை. கைவேலை ஒரு தடவை, அதுவும் கண்காட்சிக்கு முதல் நாள். அடித்துத் திருத்தி எழுதினால் "ஃபேர் நோட்டை அசிங்கம் பண்ணிட்டியே" என்று திட்டு. அப்படி வளர்ந்த பிள்ளையிடம் போய் "மாதிரி செய், சோதி, திருத்து" என்றால் அது காதில் விழும், கைக்குப் போகாது. ஆகவே நீங்கள் எந்தச் செயல்பாட்டைத் தேர்ந்தெடுத்தாலும் அதற்கு இரண்டு வெள்ளிக்கிழமை ஒதுக்குங்கள். ஒரே வெள்ளிக்கிழமையில் முடிகிற கைவேலை நல்ல பொழுதுபோக்கு. அதில் தப்பில்லை, ஆனால் நீங்கள் கேட்டது அதுவல்ல.

இதற்கு நம்மிடம் நல்ல சொல் ஒன்று இருக்கிறது. புதுத் தேர் செய்தால் திருவிழாவுக்கு முன்னால் சாமியை ஏற்றாமல் வீதியில் ஒருமுறை இழுத்துப் பார்ப்பார்கள். வெள்ளோட்டம். பிள்ளைகளிடம் 'புரோட்டோடைப்', 'டெஸ்டிங்' என்றெல்லாம் சொல்ல வேண்டாம். "இன்னைக்கு வெள்ளோட்டம்" என்றால் போதும். வெள்ளோட்டத்தில் அச்சு முறிந்தால் யாரும் அழ மாட்டார்கள், அன்றைக்கே தெரிந்ததே என்று நிம்மதிதான் படுவார்கள். இது அவர்கள் ஊரிலேயே பார்த்த சங்கதி.

முதல் வெள்ளிக்கிழமை எதையும் செய்ய வைக்காதீர்கள். பார்க்க வையுங்கள். வீட்டிலிருந்து ஒரு சொம்பு எடுத்துப் போய் மேசைமேல் வையுங்கள். கழுத்து ஏன் ஒடுங்கியிருக்கிறது? விளிம்பு ஏன் வெளியே மடங்கியிருக்கிறது? வயிறு ஏன் உருண்டை? கைப்பிடி ஏன் இல்லை? கைப்பிடி வைத்திருந்தால் எது கெட்டுப்போயிருக்கும்? இந்த விளையாட்டு என்னுடைய கண்டுபிடிப்பு இல்லை. இந்திய அரசு அழைத்ததன் பேரில் அமெரிக்க வடிவமைப்பாளர்கள் சார்லஸ் ஈம்ஸும் அவர் மனைவி ரே ஈம்ஸும் நாடு முழுக்கச் சுற்றி 1958-இல் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அகமதாபாத்தில் 1961-இல் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தொடங்கியது அதை ஒட்டித்தான். இந்தியாவில் தாங்கள் பார்த்து வியந்த பொருள்களில் அவர்கள் உச்சத்தில் வைத்தது வடக்கத்தி லோட்டாவை, அதாவது நம் சொம்பின் அண்ணன் தம்பியை. எவ்வளவு தண்ணீர் பிடிக்க வேண்டும், இடுப்பில் தூக்குவதா தலையிலா, நிறைந்திருக்கும்போதும் காலியாக இருக்கும்போதும் எப்படி நிற்கும், ஊற்றும்போது எப்படி வழியும், தேய்க்கக் கை உள்ளே போகுமா, கீழே வைத்தால் என்ன சத்தம் வரும் என்று அந்த ஒரு பாத்திரத்தைப் பற்றிக் கேள்வியாக அடுக்கிக்கொண்டே போயிருப்பார்கள். கடைசியில், இதை ஒரு தனி ஆள் வடிவமைத்திருக்கவே முடியாது, தலைமுறை தலைமுறையாகக் கைமாறித்தான் இந்த உருவம் வந்திருக்கிறது என்பார்கள். ஆயிரம் வெள்ளோட்டம் கண்ட சொம்பு.

அன்றைக்கு வீட்டுப்பாடம்: 'உங்க வீட்ல இருக்கிற ஒரு சாமான் ஏன் இந்த உருவத்துல இருக்குன்னு அப்பாயிகிட்ட கேட்டுட்டு வாங்க. தூக்க முடிஞ்சா கொண்டு வாங்க, முடியலன்னா வரைஞ்சுட்டு வாங்க.' முறம், உரி, மரக்கால், அரிவாள்மணை, இட்லிப்பானை எல்லாம் வரும். எனக்கு ஒருதடவை வந்தது குதிர். ஒரு பெண் நோட்டில் வரைந்து வந்து "சார், எங்க வூட்டுக் குதிர்" என்றாள். பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் குதிரை என்று நினைத்துக்கொண்டு "கால் எங்கடி?" என்று சிரித்தார்கள். நெல் கொட்டி வைக்கிற மண் குதிரைப் பாதிப் பேர் பார்த்ததே இல்லை. மேலே வாய், கீழே அடிப்பக்கம் ஒரு சின்ன ஓட்டை, அதை அடைக்க ஒரு துணிப்பந்து. ஓட்டை ஏன் கீழே என்று கேட்டேன். "கையெட்டும்" என்றான் ஒருவன். அந்தப் பெண் விட்டுக்கொடுக்கவில்லை. "அப்பாயி சொன்னுச்சு, புது நெல்ல மேல கொட்டுவாங்களாம், பழசு அடியில கெடக்கும், அதுதான் மொதல்ல வருமாம்." கம்பெனியில் எங்கள் கிடங்குச் சுவரில் இதையே ஒரு விதியாக எழுதி ஒட்டியிருந்தோம்.

நான் அதோடு விட்டிருப்பேன். ஒரு எட்டாம் வகுப்புப் பையன்தான், "நெசமாவே அப்படித்தான் வருமா சார்?" என்று இழுத்தான். சரி, பார்த்துவிடுவோம் என்று இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் தலையை அறுத்து, அடித்தட்டில் நடுவாக ஒரு ஓட்டை போட்டு, கீழே கறுப்பு உளுந்து, மேலே நெல் என்று கொட்டித் திறந்தோம். கொஞ்ச உளுந்து வந்தது. அப்புறம் மேலே நடுவில் குழி விழுந்தது. நெல் அந்தக் குழி வழியாக இறங்கி, ஓரத்து உளுந்து அப்படியே கிடக்க, தான் முந்திக்கொண்டு வந்தது! வகுப்பே எழுந்து நின்றுவிட்டது. அப்பாயி சொன்னது பாதிதான் சரி. அப்படியானால் என்ன செய்யலாம்? "அடிய சரிவா வெச்சா?" இன்னொரு பாட்டிலின் அடியை அறுத்துத் தலைகீழாக, கழுத்து கீழே வருகிற மாதிரிப் பிடித்துச் செய்து பார்த்தார்கள். கலப்பு நன்றாகக் குறைந்தது. நெல் அரவை மில்லில் தொட்டியின் அடி ஏன் புனல் மாதிரி இருக்கிறது என்று அன்றைக்கு யாருக்கும் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. பாருங்கள், செய்ய வேண்டாம் என்று சொன்ன வகுப்பிலேயே இரண்டாவது தடவை தானாக வந்து நின்றுவிட்டது.

அடுத்த இரண்டு வெள்ளிக்கும் ஒரே வேலை. நான்கு நான்கு பேராகப் பிரியுங்கள். 34 பேர் என்றால் எட்டுக் குழு வரும், இரண்டு குழுவில் ஐந்து பேர். ஒவ்வொரு குழுவுக்கும் தென்னை ஈர்க்குச்சி 20, ஒவ்வொன்றும் ஓரடி நீளம், நுனியை ஒடித்துப் போட்டுவிட்டுக் கெட்டியான அடிப்பாகமாக. ஒரு கஜம் நூல், ஒரு கஜம் டேப். மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் சின்னக் குரும்பை ஒன்று. 18 நிமிஷம். எதன்மேலும் சாயாமல் தானே நிற்கிற கோபுரம் கட்டி, உச்சியில் குரும்பையை வைக்க வேண்டும். தரையிலிருந்து குரும்பை வரை அளப்போம், உயரமானது ஜெயிக்கும்.

இது பீட்டர் ஸ்கில்மன் என்ற வடிவமைப்பாளர் உருவாக்கி, டாம் வுஜெக் ஊர் ஊராகக் கொண்டுபோன பயிற்சி. அவர்கள் ஸ்பகெட்டி என்கிற காய்ந்த நூடுல்ஸ் குச்சியையும் மார்ஷ்மல்லோ மிட்டாயையும் வைத்துச் செய்வார்கள். எம்.பி.ஏ. மாணவர்களைவிட மழலையர் வகுப்பு முடித்த குழந்தைகள் சராசரியாக உயரமாகக் கட்டினார்கள் என்பதுதான் அதில் பேர்போன செய்தி. காரணம் எளிது. பெரியவர்கள் முதலில் யார் தலைவர் என்று பேசுவார்கள், பிறகு திட்டம் போடுவார்கள், பிறகு கட்டுவார்கள், கடைசி நிமிஷத்தில் மிட்டாயை உச்சியில் வைப்பார்கள், எல்லாம் சரியும். குழந்தைகள் முதலிலேயே மிட்டாயைக் குத்திக்கொண்டுதான் தொடங்குவார்கள். விழும், மாற்றுவார்கள், மறுபடி விழும், மாற்றுவார்கள்.

உங்கள் எட்டாம் வகுப்பு எம்.பி.ஏ. மாதிரிதான் நடக்கும், தயாராக இருங்கள். பதினேழாம் நிமிஷம் வரை கம்பீரமாக நிற்கும் கோபுரம், குரும்பையை வைத்ததும் மெதுவாக இடுப்பை வளைத்து வணக்கம் சொல்லும். அந்த நேரத்தில் வாயைத் திறக்காதீர்கள். ஆசிரியர்களுக்கு இது கஷ்டம், எனக்கும் கஷ்டம்தான். முக்கோணமாகக் கட்டியிருந்தால் நின்றிருக்கும் என்று நாக்கு நுனிவரை வரும். விழுங்கிவிடுங்கள். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்க குழுவுல குரும்பைய முதல் தடவையா எந்த நிமிஷத்துல வெச்சுப் பாத்தீங்க?" பதிலைக் குழுவாரியாகக் கரும்பலகையில் எழுதுங்கள். பக்கத்தில் உயரத்தை எழுதுங்கள். பீரியடு முடிந்தது, வீட்டுக்குப் போகலாம்.

அடுத்த வெள்ளி அதே குச்சி, அதே நூல், அதே 18 நிமிஷம். இடையில் ஒரு வாரம் வீட்டுக்கொல்லையில் யார் யார் ஈர்க்குச் சீவிக்கொண்டிருந்தார்கள் என்பது அன்றைக்குத் தெரியும். என் அனுபவத்தில் டேப் தீர்ந்துபோன ஒரு குழு, கேட்டு வாங்கிய இன்னொரு குரும்பையையே மூட்டாக வைத்து ஈர்க்குகளை அதில் குத்தி நிறுத்தியது. நாங்கள் சின்ன வயசில் குரும்பைத் தேர் செய்த அதே உத்தி, யாரும் சொல்லிக்கொடுக்காமல். அது விதிப்படி சரியா என்று பெரிய சண்டை வந்தது. சரி என்று தீர்ப்புச் சொன்னேன். இன்றைக்கும் அந்தத் தீர்ப்பில் எனக்குச் சந்தேகம் உண்டு.

சதுரம் கோணிப்போகும், முக்கோணம் அசையாது என்பது இந்த இரண்டாம் சுற்றில் எப்படியும் வெளிவரும். வந்த பிறகு, அதைத் தனியே கையில் பிடித்துப் பார்க்க ஒரு வழி: தீக்குச்சியும் சைக்கிள் வால்வு டியூபும். டியூபைச் சின்னத் துண்டுகளாக வெட்டி மூட்டாக வைத்துக் குச்சிகளைச் செருகினால் எந்த உருவமும் கட்டலாம். குப்பையிலிருந்து பொம்மை செய்து அறிவியல் சொல்லித்தரும் அரவிந்த் குப்தா நாடு முழுக்கப் பரப்பிய முறை. ஐ.ஐ.டி. கான்பூரில் படித்தவர், 2018-இல் பத்மஸ்ரீ பெற்றார். அவருடைய இணையதளத்தில் நூற்றுக்கணக்கான பொம்மைகளுக்குச் செய்முறை இலவசமாகக் கிடக்கிறது. வால்வு டியூப் இப்போது எல்லாச் சைக்கிள் கடையிலும் கிடைப்பதில்லை, பழைய கடையாகப் பார்த்துக் கேளுங்கள்.

இந்த இடத்தில் ஒரு நாள் சுவாமிமலைக்குப் போய்வரச் சொல்வேன். உங்களுக்கு பஸ்ஸில் எட்டுகிற தூரம்தான். கோயிலுக்குப் போகிற சாக்கில், உலோகச் சிலை வார்க்கும் சிற்பக்கூடம் ஒன்றில் முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, ஓலை. சிலை எவ்வளவு உயரமோ அவ்வளவுக்குத் தென்னோலையை நறுக்கி, அதை மடித்து மடித்து முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவு, தொடை இவ்வளவு என்று தாலக் கணக்கைக் குறித்துக்கொள்வார்கள். ஸ்கேல் இல்லை, சென்டிமீட்டர் இல்லை. பெரிய சிலைக்குப் பெரிய ஓலை, சின்னதற்குச் சின்ன ஓலை, மடிப்பு மட்டும் அதே. விகிதம் என்று ஏழாம் வகுப்புக் கணக்கில் வருகிறதே, அது இந்த ஓலையில் இருக்கிறது.

இரண்டாவது, மெழுகு. தேன்மெழுகோடு குங்கிலியம் சேர்த்துச் சிலையை முதலில் மெழுகில் முழுசாகச் செய்வார்கள். அதன்மேல் காவிரி வண்டலைப் பூசி, மேலே மேலே மண் அப்பி, கம்பி கட்டி, காயவைத்துச் சூடாக்குவார்கள். மெழுகு உருகி ஓடிவிடும், அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். வார்த்தபின் மண்ணை உடைத்தெடுப்பதால் ஒரு அச்சில் ஒரு சிலைதான். நான் பார்க்கப் போனபோது ஒரு ஸ்தபதி மெழுகுச் சிலையின் விரலைச் சூடான கம்பியால் தொட்டுக் கழற்றி, கொஞ்சம் சாய்த்து, மறுபடி ஒட்டினார். திருப்தியில்லை, மறுபடி கழற்றினார். "மெழுகுல நூறு தடவ மாத்தலாம் தம்பி, வார்த்துட்டா முடிஞ்சுது" என்றார். நான் கல்லூரியில் இரண்டு வருஷம் படித்த பாடம் அது. பிள்ளைகளைத் திரும்ப அழைத்து வரும்போது நீங்கள் விளக்கம் எதுவும் சொல்ல வேண்டாம். அடுத்த வாரம் ஒருவன் அட்டையை வெட்டுமுன் செய்தித்தாளில் வெட்டிப் பார்த்தால், உங்கள் பஸ் செலவு வசூலாகிவிட்டது.

இனிதான் பெரிய வேலை. யாரோ ஒருவருடைய ஒரு தொந்தரவைத் தீர்த்துக்கொடுப்பது. இங்கே பெரும்பாலும் வாத்தியார்கள்தான் கெடுக்கிறோம். "வெள்ளத்தைத் தடுக்க என்ன செய்யலாம்", "பிளாஸ்டிக்கை ஒழிப்பது எப்படி" என்று தலைப்புக் கொடுப்போம். பிள்ளைகள் போஸ்டர் எழுதி வருவார்கள், வேறென்ன செய்ய முடியும்? தொந்தரவு சின்னதாக இருக்க வேண்டும், அந்த ஆள் நடந்துபோகிற தூரத்தில் இருக்க வேண்டும், செய்து கொடுத்தால் அவர் மறுநாளே கையில் எடுத்துப் பயன்படுத்துகிற மாதிரி இருக்க வேண்டும். மழைக்காலத்தில் வகுப்பு வாசலில் சேற்றுச் செருப்பு. சைக்கிள் கேரியரில் நழுவுகிற பை. களத்தில் காயப்போட்ட நெல்லைத் திடீர் மழையில் மூடத் தார்ப்பாயைத் தனியாளாக விரிக்க முடியாத தாத்தா. இந்த அளவு.

ஒரு பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். சத்துணவு சமைக்கும் அக்கா சாத அண்டாவைச் சமையலறையிலிருந்து தாழ்வாரத்துக்கு உதவியாளரோடு தூக்கி வருவார். பிள்ளைகள் அதைத் தினம் பார்ப்பவர்கள். ஒரு குழு உடனே முடிவு கட்டிவிட்டது: சக்கரம் வைத்த வண்டி! படமும் அமோகமாக வரைந்துவிட்டார்கள். போய்க் காட்டினார்கள். அக்கா பார்த்துவிட்டு, "நல்லாருக்குடா. ரெண்டு படி இருக்கே, வண்டி எப்படி ஏறும்?" என்றார். பிள்ளைகள் முகம் தொங்கிப்போயிற்று. அப்புறம் நான் அவர்களை மறுபடி அனுப்பினேன், இந்தத் தடவை படமில்லாமல். 'உங்களுக்கு என்னக்கா வேணும்' என்று கேட்கக் கூடாது; அப்படிக் கேட்டால் "ஒண்ணும் வேணாம், நல்லாப் படிங்க" என்பதுதான் பதில். 'நேத்து எப்படித் தூக்குனீங்க, செஞ்சு காட்டுங்கக்கா' என்று கேட்க வேண்டும். காலி அண்டாவைத் தூக்கிக் காட்டினார். கவனித்தபோதுதான் தெரிந்தது: பாரம் அவருக்குப் பிரச்சினையே இல்லை. பிடிதுணி கஞ்சித் தண்ணீரில் நனைந்துவிடுகிறது, நனைந்த துணி வழியாகச் சூடு சுரீரென்று ஏறுகிறது. அதுவும் அவசரத்துக்குத் தேடினால் ஒரு துணிதான் கிடைக்கும், இன்னொன்று எங்கேயாவது கிடக்கும்.

முதல் வெள்ளோட்டம்: பழைய துணிக்குள் வைக்கோல் திணித்துத் தைத்த பிடி. சூடு தாங்கியது. இரண்டே நாளில் நனைந்து நாறியது. இரண்டாவது: சாக்கை நாலு மடிப்பாக மடித்துத் தையல் போட்டது. நாறவில்லை, சீக்கிரம் காய்ந்தது, ஆனால் மொத்தமாகிப்போய் அண்டாவின் காதுக்குள் நுழையவில்லை. மூன்றாவது: காதுக்குள் போகிற இடத்தில் இரண்டு மடிப்பு, உள்ளங்கைப் பக்கம் நாலு மடிப்பு, இரண்டு பிடியையும் ஒரு நீளக் கயிற்றால் இணைத்து, வேலை இல்லாதபோது கழுத்தில் மாலை மாதிரிப் போட்டுக்கொள்ளலாம், தொலையாது. கயிறு யோசனை ஒரு ஆறாம் வகுப்புப் பெண்ணுடையது; அவள் அம்மா தையல் வேலை செய்யும்போது கத்தரிக்கோலைக் கயிறு கட்டிக் கழுத்தில் போட்டுக்கொள்வாராம். (சூடான அண்டாவைப் பிள்ளைகள் யாரும் தொடக் கூடாது என்பது முதல்நாளே போட்ட நிபந்தனை. சோதித்தது எல்லாம் அக்காதான், முதலில் வெதுவெதுப்பான பாத்திரத்தில், பிறகுதான் சோறு.) மொத்தம் ஐந்து வாரம். செலவு ஊசி நூல் மட்டும். பார்க்க அழகாக இல்லை. அறிவியல் கண்காட்சியில் அதற்குப் பரிசும் கிடைக்கவில்லை. தெர்மாகோலில் செய்த ராக்கெட்டுக்குக் கிடைத்தது.

பரிசு பற்றி எனக்கு மனக்குறை இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கண்காட்சி வைத்தால் உடைந்த மாதிரியையும் சேர்த்து வையுங்கள்: முதல் பிடி, இரண்டாம் பிடி, மூன்றாம் பிடி மூன்றும் வரிசையாக, ஒவ்வொன்றின் கீழும் அது ஏன் தோற்றது என்று பிள்ளைகள் கையெழுத்தில் ஒரு வரி. அதிகாரிகள் வந்தால் முதலில் முகம் சுளிக்கலாம். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டால் அங்கேயே நின்றுவிடுவார்கள், பார்த்திருக்கிறேன். வீட்டில் அப்பா அம்மா செய்து அனுப்புகிற வழக்கமும் இதனால் குறைகிறது. அப்பா ஒரு மாதிரியைச் செய்து தருவார், தோற்றுப்போன மூன்று மாதிரி செய்ய எந்த அப்பாவுக்குப் பொறுமை?

மதிப்பெண் போட்டே ஆக வேண்டும் என்றால் இரண்டாம் மாதிரியில் என்ன மாறியது, ஏன் மாறியது என்பதற்குப் போடுங்கள். அழகுக்குப் போடாதீர்கள். குழுவுக்கு ஒரு நோட்டு, கோடு போடாதது. அதில் எதையும் அழிக்கக் கூடாது, அடிக்கலாம். ரப்பரை வெள்ளிக்கிழமை தடை செய்யுங்கள்.

சின்னவர்களுக்கு, ஆறாம் வகுப்புக்கு, அண்டாவெல்லாம் கனம். அவர்களுக்குத் தலையாட்டி பொம்மை போதும். தஞ்சாவூர்ப் பொம்மை எல்லார் வீட்டிலும் இருக்கும். அடியில் கனம், மேலே லேசு, எப்படிச் சாய்த்தாலும் எழுந்துவிடும். முட்டையின் தலையில் சின்ன ஓட்டை போட்டு உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு, கழுவிக் காயவைத்து, அடியில் களிமண் உருட்டிப் போட்டு அழுத்தச் சொல்லுங்கள். எவ்வளவு மண் போட்டால் எழுகிறது, எவ்வளவு போட்டால் சோம்பேறியாகப் படுத்துவிடுகிறது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். மேலே காகிதத் தொப்பி வைத்தால் மறுபடி எல்லாம் மாறும்.

தேர் கட்டுவதையும் யோசித்துப் பாருங்கள், நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லியே தர வேண்டாம். ஆனால் அலங்காரத்தில் பொழுதைப் போக்கிவிடுவார்கள், ஆகவே விதி இப்படி: அலங்காரம் கிடையாது, சரிவில் இறங்கி ஒரு திருப்பத்தில் திரும்பி, கோட்டில் நிற்க வேண்டும். திருவாரூர் ஆழித்தேர் அலங்காரத்தோடு 96 அடி, எடை சுமார் 300 டன். அதற்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்திருக்கிறது. அப்படியும் வீதி முனையில் திருப்புவதற்கு முட்டுக்கட்டைதான். பேச்சில் முட்டுக்கட்டை என்றால் வேலையைக் கெடுப்பவன். தேரில் அந்தக் கட்டை போடுபவன்தான் ஓட்டுநர். செருப்புப்பெட்டித் தேருக்கு முட்டுக்கட்டை எந்தக் கோணத்தில் வெட்டினால் வேலை செய்கிறது என்று பார்க்க ஆரம்பித்தால் இரண்டு வெள்ளி பறந்துவிடும்.

பொருள்களுக்குக் காசு தேட வேண்டாம். ஈர்க்கு, வாழைமட்டை, வைக்கோல், களிமண், அட்டைப்பெட்டி, சாக்கு, பாட்டில். வாழைமட்டை கத்தரிக்கோலுக்கே வெட்டுப்படும், ஈர்க்கைக் குத்தினால் ஆணி மாதிரி நிற்கும், தோற்றால் மாட்டுக்குப் போடலாம். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல மாதிரிப்பொருள் உலகத்தில் இல்லை. தெர்மாகோல் மட்டும் வேண்டாம். வெட்டினால் பொடி பறக்கும், எந்தப் பாரத்தையும் நேர்மையாகத் தாங்காது, கடைசியில் வாய்க்காலில் போய் மதகில் அடைத்துக்கொள்ளும். கத்தி, பிளேடு வேலை உங்கள் மேசையில் மட்டும், ஒரு நேரத்தில் ஒருவர். உதவிக்கு ஆள் வேண்டுமென்றால், அரசுப் பள்ளிகளில் அறிவியலைச் செய்து காட்ட 2022-இல் தொடங்கிய வானவில் மன்றம் 6 முதல் 8 வகுப்புக்குத்தானே, உங்கள் பள்ளிக்கு வரும் கருத்தாளரிடம் கேளுங்கள். அவர் பையில் நூல், டேப், பலூன் எப்போதும் இருக்கும்.

கடைசியாக நீங்கள் கேட்ட கலப்பு விஷயம். கலந்தே உட்கார வையுங்கள், ஆனால் ஒரு ஏற்பாட்டோடு. கலந்தால் முதல் ஐந்து நிமிஷத்தில் கத்தரிக்கோல் எட்டாம் வகுப்புப் பையன் கைக்குப் போய்விடும், ஆறாம் வகுப்புப் பெண் டேப் பிடித்துக்கொண்டு நிற்பாள், பீரியடு முடிகிறவரை நின்றுகொண்டே இருப்பாள். நான் செய்வது: முதல் சுற்றில் கத்தரிக்கோல் வகுப்பில் சின்னவர் கையில், பெரியவர்கள் வாயால் சொல்லலாம், கையால் தொடக் கூடாது. இரண்டாவது சுற்றில் மாற்றிக்கொள்ளலாம். முதல் நாள் எட்டாம் வகுப்பு முணுமுணுக்கும். ஈர்க்குச்சியை வியாழக்கிழமையே சீவி வைக்கச் சொல்லிவிடுங்கள், வெள்ளிக்கிழமை சீவ ஆரம்பித்தால் பாதிப் பீரியடு அதிலேயே போய்விடும். பச்சை ஈர்க்கு வேண்டாம், வளையும். காய்ந்த மட்டையிலிருந்து எடுத்ததாக இருக்கட்டும்.